வான்வழிக்கு வழி வகுத்தோர்



வேலை முடிந்த மாலை நேரத்தில் லயத்து வாசலில் உட்கார்ந்திருக்கிறோம். தலைக்கு மேலே ஆகாய விமானம் ஒன்று போகிறது. பிள்ளைகள் கையைக் காட்டிக்கொண்டு திடலில் ஓடுகிறார்கள். "பெரியவனானதும் நானும் விமானம் ஓட்டுவேன்" என்கிறான் ஒரு பையன். நல்ல ஆசைதான்; வளரட்டும். ஆனால் அந்த விமானம் எந்த வழியாகப் போக வேண்டும், எந்த நாட்டில் இறங்கலாம், வாரத்தில் எத்தனை முறை போய் வரலாம், இறங்கும் நிலையத்தை எங்கே கட்டுவது என்பவற்றையெல்லாம் முடிவு செய்பவர் விமானி அல்லர். ஏதோ ஓர் அரசாங்க அலுவலகத்தில், கோப்புகளுக்கு நடுவே, மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஓர் அதிகாரி அந்த வேலையைச் செய்கிறார். அவருடைய பெயர் நமக்குத் தெரியாது. படம் பத்திரிகையில் வருவதும் குறைவு.

அப்படிப்பட்ட சில அதிகாரிகளின் வரலாற்றைத்தான் இன்று பார்க்கப் போகிறோம். அவர்கள் எங்கே பிறந்தார்கள், என்ன படித்தார்கள், எந்தப் படிகளில் ஏறி அந்த மேசைக்கு வந்தார்கள்? இந்த வரலாறு நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நாம் எண்ணுகிறோம். காரணத்தைக் கடைசியில் சொல்வோம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். வானம் எல்லாருக்கும் பொது என்று நாம் நினைக்கிறோம். சட்டப்படி அது அப்படி அன்று. 1944-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் 52 நாடுகள் கூடி ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஒவ்வொரு நாட்டுக்கும் அதன் நிலத்துக்கு மேலே உள்ள வான்வெளி முழுவதும் சொந்தம் என்று அந்த ஒப்பந்தத்தின் முதல் விதியே கூறுகிறது. பக்கத்துத் தோட்டத்துச் சாலை வழியாக நம் லாரி போக வேண்டுமானால் அந்தத் தோட்டத்து நிர்வாகத்திடம் அனுமதி கேட்க வேண்டும் அல்லவா? வானத்திலும் அதே முறைதான். ஒரு நாட்டின் பயணிகள் விமானம் மற்றொரு நாட்டில் முறையாக இறங்கி ஏறுவதற்கு இரு அரசாங்கங்களும் பேசி உடன்பாடு செய்துகொள்ள வேண்டும். அந்தப் பேச்சை நடத்துகிறவர்கள் அதிகாரிகள். எந்த உரிமையைக் கேட்பது, எதை விட்டுக்கொடுப்பது என்ற திட்டம்தான் விமானப் போக்குவரத்துக் கொள்கை எனப்படுகிறது.

வெள்ளைக்காரர் ஆட்சியில் இந்த வேலைகள் நம் மக்கள் கைக்கு வரவில்லை. சிங்கப்பூரில் காலாங் விமான நிலையம் 1937-இல் திறக்கப்பட்டது. மலாயன் ஏர்வேஸ் 1947-இல் பயணிகளை ஏற்றிப் பறக்கத் தொடங்கியது. அந்தக் காலத்தில் அரசாங்கத்தின் உயர்ந்த நாற்காலிகளில் பெரும்பாலும் ஆங்கிலேயரே அமர்ந்திருந்தனர். உள்ளூர்க்காரருக்குக் குமாஸ்தா வேலை கிடைத்தாலே பெரிய காரியம் என்றிருந்த காலம் அது.

இரண்டு நிகழ்ச்சிகள் இந்த நிலையை மாற்றின. ஒன்று, 1949-இல் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் தொடங்கப்பட்டது. கடல் கடந்து போக வசதியில்லாத பிள்ளைகளும் இங்கேயே பட்டம் பெற வழி பிறந்தது. மற்றொன்று, 1957-இல் மலாயா சுதந்திரம் அடைந்தது. 1959-இல் சிங்கப்பூர் சுயாட்சி பெற்றது. ஆங்கிலேய அதிகாரிகள் ஒவ்வொருவராக விடைபெற்றுப் போக, உள்ளூர் இளைஞர்கள் அந்த நாற்காலிகளுக்கு வந்தார்கள். படிப்பை முடித்துத் தயாராக இருந்தவர்களுக்குக் கதவு திறந்தது.

அவர்களில் ஒருவர் திரு. ஜோசப் யுவராஜ் பிள்ளை. ஜே. ஒய். பிள்ளை என்றால் சிங்கப்பூரில் பலருக்கும் தெரியும். அவர் 1934-ஆம் ஆண்டு பிறந்த ஊர் நம் கிள்ளான். பிறகு லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பொறியியல் படித்துப் பட்டம் பெற்றார். 1961-இல் சிங்கப்பூர் நிதி அமைச்சில் அதிகாரியாகச் சேர்ந்தார். பொறியியல் படித்தவருக்கு நிதி அமைச்சில் என்ன வேலை என்று கேட்கலாம். புதிதாக எழுந்து நிற்க வேண்டிய ஒரு நாட்டுக்கு அப்போது தொழிற்சாலைகள் வேண்டியிருந்தன. எந்தத் தொழில் நிலைக்கும், எது நிலைக்காது என்று கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள் வேண்டியிருந்தார்கள். அந்த வேலையில்தான் அவர் கை பழகியது.

இதற்கிடையில் வானத்தில் ஒரு பாகப்பிரிவினை வந்தது. 1965-இல் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்தது. நாடு இரண்டானாலும் விமான நிறுவனம் ஒன்றாகவே இருந்தது. மலேசியா-சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் என்ற பெயரில் இரண்டு அரசாங்கங்களும் அதைச் சேர்ந்து நடத்தின. ஆனால் தேவைகள் வேறுவேறாக இருந்தன. மலேசியாவுக்குச் சபா, சரவாக், கிழக்குக் கரை ஆகிய உள்நாட்டு ஊர்களை இணைக்கும் சேவை முக்கியம். சிங்கப்பூருக்கு உள்நாட்டு விமானப் பயணம் என்று ஒன்றே கிடையாது. வெளிநாட்டு வழித்தடங்கள் இல்லாவிட்டால் அதற்கு விமானமே தேவையில்லை. ஒரே அடுப்பில் இரண்டு குடும்பம் சமைக்க முடியாது என்று ஆனபோது, 1972 அக்டோபர் 1-ஆம் தேதி இரண்டு நிறுவனங்கள் தனித்தனியே பறக்கத் தொடங்கின. ஒன்று மாஸ் என்று நாம் அழைத்துப் பழகிய மலேசிய விமான நிறுவனம். மற்றொன்று சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்.

அந்தச் சிங்கப்பூர் நிறுவனத்தின் தலைவர் பொறுப்பு 38 வயதான திரு. பிள்ளையிடம் வந்தது. அவர் விமானியும் அல்லர்; விமான வியாபாரியும் அல்லர். அரசாங்க அதிகாரியாக இருந்துகொண்டே அந்தப் பொறுப்பையும் ஏற்றார். பத்து விமானங்களோடு தொழில் தொடங்கியது. நட்டம் வந்தால் அரசாங்கப் பணத்தைக் கொட்டி உங்களைக் காப்பாற்ற மாட்டோம் என்று சிங்கப்பூர் அரசாங்கம் முன்கூட்டியே சொல்லிவிட்டது. கொடி பறக்க வேண்டும் என்பதற்காக மட்டும் விமானம் பறக்கக்கூடாது என்பது அதன் கொள்கை. திரு. பிள்ளை 1996 வரை, ஏறத்தாழ 24 ஆண்டுகள், அந்தத் தலைவர் நாற்காலியில் இருந்தார். 1978-இல் அமெரிக்காவின் போயிங் நிறுவனத்திடம் 19 விமானங்களுக்கு ஒரே சமயத்தில் உத்தரவு கொடுத்தார்கள். அதன் மதிப்பு சுமார் 90 கோடி அமெரிக்க டாலர். உலகமே திரும்பிப் பார்த்த வியாபாரம் அது.

அதற்குப் பிறகும் அவர் ஓய்ந்துவிடவில்லை. லண்டனில் சிங்கப்பூரின் தூதராகவும், சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையின் தலைவராகவும், அதிபருக்கு ஆலோசனை கூறும் மன்றத்தின் தலைவராகவும் பணியாற்றினார். அதிபர் வெளிநாடு சென்ற சமயங்களில் அறுபதுக்கும் மேற்பட்ட முறை தற்காலிக அதிபராகப் பொறுப்பு வகித்தார். 2017 செப்டம்பரில் பழைய அதிபரின் காலம் முடிந்து புதியவர் பதவியேற்கும் வரையிலும் அந்த நாட்டின் தற்காலிக அதிபர் அவரே. கிள்ளானில் பிறந்த ஒரு பிள்ளையின் பயணம் அத்தனை தூரம் போனது.

அடுத்தவர் திரு. ஹாவ் யூன் சோங். சீனாவில் 1923-இல் பிறந்து மலாக்காவில் பள்ளிக்கூடம் படித்தவர். மலாயாப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று அரசாங்க வேலைக்கு வந்தார். 1960-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைமை நிர்வாக அதிகாரியானார். குடிசைகளில் நெருக்கியடித்து வாழ்ந்த மக்களுக்கு அடுக்குமாடி வீடு கட்டிக் கொடுக்கும் வேலை. பிறகு 1970-இல் துறைமுகத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். பெட்டகக் கப்பல்கள் வந்து நிற்கும் துறை 1972-இல் தஞ்சோங் பகாரில் திறக்கப்பட்டது அவர் காலத்தில்தான். எடுத்த வேலையை முடித்தே தீருவார் என்பதால் அவரை 'புல்டோசர்' என்று சொல்வார்கள்.

இப்போது விமான நிலையத்துக்கு வருவோம். 1955-இல் திறக்கப்பட்ட பாய லேபார் விமான நிலையம் 1970-களில் நெருக்கடிக்கு உள்ளானது. பயணிகள் பெருகினார்கள், ஓடுபாதையோ ஒன்றுதான். அதே இடத்தில் இரண்டாவது ஓடுபாதை போடலாம் என்று வெளிநாட்டு நிபுணர்கள் ஆலோசனை கூறினார்கள். அரசாங்கமும் அதே வழியில்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் பாய லேபாரைச் சுற்றிலும் வீடுகள். மேலும் விரிவுபடுத்த இடம் இல்லை. விமானச் சத்தம் நகரத்தின் தலையில் விழும். கிழக்கு ஓரத்தில் கடற்கரையில் உள்ள சாங்கிக்கு மாறினால், விமானங்கள் கடலுக்கு மேலேயே வந்து இறங்கலாம். தேவைப்பட்டால் கடலை நிரப்பி நிலம் சேர்க்கலாம்.

அப்போது 1973-இல் எண்ணெய் விலை ஏறியது. விமானப் பயணங்களின் வளர்ச்சி மட்டுப்பட்டது. யோசிக்கக் கொஞ்சம் அவகாசம் கிடைத்தது. பிரதமர் லீ குவான் இயூ, ஹாவ் யூன் சோங்கைத் தலைவராகக் கொண்டு உயர்நிலைக் குழு ஒன்றை அமைத்து, மறுபடியும் ஆராயச் சொன்னார். சாங்கிக்கு மாற முடியும் என்று குழு கூறியது. 1975-இல் முடிவு மாற்றப்பட்டது. பாய லேபாரில் அதுவரை போட்ட சுமார் 80 கோடி வெள்ளியைக் கைகழுவிவிட்டுப் புது இடத்துக்குப் போகும் முடிவு அது. சின்னக் காரியமா? செலவழித்த பணத்தை நினைத்துத் தவறான இடத்திலேயே தொடர்ந்து கட்டிக்கொண்டிருப்பது மனித சுபாவம். வீடமைப்பிலும் துறைமுகத்திலும் நிலத்தோடு போராடிப் பழகியவர் என்பதால், இடம் போதாத நிலையத்தின் எதிர்காலத்தை அவரால் கணக்கிட முடிந்தது என்று நாம் கருதலாம். விமானத் துறையில் அவர் முன்பு வேலை பார்த்தவர் அல்லர். மற்ற துறைகளில் கற்ற பாடமே அவருக்குக் கைகொடுத்தது.

முடிவு எடுத்தாகிவிட்டது. கட்டி முடிப்பது யார்? அந்தப் பொறுப்பு மூன்றாமவரான திரு. சிம் கீ பூனுக்கு வந்தது. 1929-இல் பிறந்த அவரும் மலாயாப் பல்கலைக்கழகப் பட்டதாரி. 1953-இல் அரசாங்கச் சேவையில் சேர்ந்து, அரசாங்க வாணிக நிறுவனம் ஒன்றை நடத்தி, நிதி அமைச்சில் பணியாற்றி, தொடர்பு அமைச்சின் நிரந்தரச் செயலாளராக வந்தவர். நிரந்தரச் செயலாளர் என்றால் அமைச்சருக்கு அடுத்தபடி அந்த அமைச்சின் நிர்வாகத்தைத் தலைமையேற்று நடத்தும் அதிகாரி. அமைச்சர்கள் தேர்தலில் வருவார்கள், போவார்கள். வேலை தொடர்ந்து நடக்க அதிகாரி வேண்டும்.

ஆறே ஆண்டுகளில் சாங்கி நிலையத்தின் முதற்கட்டம் முடிந்தது. 1981 ஜூலை 1-ஆம் தேதி காலை அங்கே முதன்முதலாக வந்து இறங்கிய பயணிகள் விமானம் எங்கிருந்து வந்தது தெரியுமா? நம் கோலாலம்பூரிலிருந்து! 1984-இல் விமானப் போக்குவரத்துக்கெனத் தனி ஆணையம் அமைந்தபோது சிம் கீ பூனே அதன் தலைவரானார். 1999 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

நிலையம் கட்டினால் மட்டும் போதாது. விமானம் போக வழி வேண்டும். முன்னே சொன்ன அனுமதிப் பேச்சுக்கு இரண்டு உதாரணங்களைப் பார்ப்போம். 1977 டிசம்பரில், ஒலியைவிட வேகமாகப் பறக்கும் கான்கார்டு விமானத்தைப் பிரிட்டிஷ் ஏர்வேஸும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் சேர்ந்து லண்டனிலிருந்து சிங்கப்பூருக்கு விட்டன. மலாக்கா நீரிணைக்கு மேலே அந்த வேகத்தில் பறக்க மலேசியா ஒப்பவில்லை. அதன் சத்தம் குறித்து நம் அரசாங்கம் கவலை தெரிவித்தது. சில பயணங்களோடு சேவை நின்றது. 1979 ஜனவரியில்தான் மீண்டும் தொடங்கியது. எவ்வளவு பெரிய விமானமானாலும், கீழே இருக்கும் நாடு தலையசைக்காமல் பறக்க முடியாது என்பதற்கு இது சான்று.

மற்றோர் உதாரணம். 1978-இல் ஆஸ்திரேலியா ஒரு புதிய கொள்கையை அறிவித்தது. ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையே நேராகப் போகிறவர்களுக்கே மலிவுக் கட்டணம் என்றது. வழியில் சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக் போன்ற நகரங்களில் தங்கிப் போக விரும்புகிறவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. இதனால் இந்த வட்டாரத்துக்கு வரும் சுற்றுப்பயணிகள் குறைவார்கள். விமான நிறுவனங்களுக்கும் நட்டம். இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பீன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய ஐந்து ஆசியான் நாடுகளும் ஒன்றாக நின்று எதிர்த்தன. சிங்கப்பூரும் மலேசியாவும் வானத்தில் போட்டியாளர்கள்தான். ஆனாலும் இந்த வழக்கில் இரண்டும் ஒரே பக்கத்தில் நின்றன. நீண்ட பேச்சுக்குப் பிறகு ஆஸ்திரேலியா சிலவற்றை விட்டுக்கொடுத்தது. அடுத்தவன் கணக்கையும் தன் கணக்கைப் போலவே படித்து வைத்திருப்பவன்தான் இத்தகைய பேச்சில் பேச முடியும்.

இதுவரை ஏறுவதைப் பற்றிப் பேசினோம். நாற்காலியின் பாரத்தையும் சொல்லியாக வேண்டும். 2014 மார்ச் 8-ஆம் தேதி கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங் புறப்பட்ட எம்.எச். 370 விமானம் 239 பேருடன் காணாமற்போனது நமக்கெல்லாம் ஆறாத துயரம். அதைப் பற்றிய விசாரணை அறிக்கை 2018 ஜூலை 30-ஆம் தேதி வெளியானது. அன்றிரவு கோலாலம்பூர் வான்வழிக் கட்டுப்பாட்டு நிலையத்தில் இருந்தவர்கள் வகுக்கப்பட்ட சில நடைமுறைகளைப் பின்பற்றவில்லை என்று அது கூறியது. விமானம் காணாமற்போனதற்கு அவர்கள் காரணம் என்று கூறவில்லை. என்றாலும், அந்த அறிக்கையைச் சுட்டிக்காட்டி, மலேசியச் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் தலைவர் டத்தோ ஸ்ரீ அசாருடின் அப்துல் ரஹ்மான் மறுநாளே பதவி விலகலை அறிவித்தார். 2014-லும் அந்தத் துறைக்குத் தலைமை வகித்தவர் அவரே. கட்டுப்பாட்டு நிலையத்தில் அன்று உட்கார்ந்திருந்தவர் அவர் அல்லர். ஆனால் தலைவர் என்ற பெயருக்கு விலை உண்டு. கீழே நடந்த பிழைக்கும் மேலே இருப்பவர் பதில் சொல்ல வேண்டும். பதவியை விரும்பும் பிள்ளைகள் இதையும் சேர்த்தே படித்துக்கொள்ள வேண்டும்.

சரி, இதையெல்லாம் தோட்டத்து மக்களாகிய நமக்கு ஏன் சொல்கிறோம்?

நம் பாட்டன்மார்கள் காடழித்துப் பால்மரம் நட்டார்கள். அந்த மரங்கள் இருந்த இடத்தில் பிறகு செம்பனை வந்தது. செம்பனைத் தோட்டங்கள் இருந்த செப்பாங் மண்ணில் 1998-இல் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் எழுந்தது. எந்த நிலத்தில் ஓடுபாதை வரும், அங்கே குடியிருந்தவர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்விகள் கோப்பாகி ஒரு மேசைக்குப் போகின்றன. அந்த மேசையில் இருப்பவருக்கு லயத்து வீட்டின் அளவும், வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கடிதம் வந்தால் ஒரு குடும்பம் படும் பாடும் தெரிந்திருந்தால் நல்லது அல்லவா? வெளியே நின்று மனுக் கொடுக்கும் மக்களாகவே நாம் என்றும் இருக்க வேண்டியதில்லை. உள்ளே இருந்து அந்த மனுவைப் படிக்கும் அதிகாரியாகவும் நம் பிள்ளை இருக்கலாம்.

படித்தால் கிராணி வேலை, மிகவும் படித்தால் ஆசிரியர், டாக்டர், லாயர் என்பதோடு நம் எண்ணம் பல வீடுகளில் நின்றுவிடுகிறது. அரசாங்க நிர்வாகம் என்று மற்றொரு பாதை இருக்கிறது. மலேசியாவில் அதற்கு நிர்வாக, அரசதந்திரச் சேவை என்று பெயர். பட்டம் பெற்றவர்கள் விண்ணப்பம் செய்து, தேர்வு எழுதி, நேர்முகத்துக்குப் போக வேண்டும். போட்டி கடுமையானதுதான். எல்லாருக்கும் கிடைத்துவிடும் என்று நாம் ஆசை காட்டவில்லை. ஆனால் விண்ணப்பமே அனுப்பாதவனுக்குக் கிடைக்காது என்பது மட்டும் நிச்சயம்.

நாம் பார்த்த பிள்ளை, ஹாவ், சிம் ஆகிய மூவரிடமும் பொதுவாகச் சில குணங்கள் உண்டு. கணக்கையும் மொழியையும் நன்றாகக் கற்றார்கள். எந்தத் துறைக்கு அனுப்பினாலும், இது என் படிப்புக்கு ஏற்றதா என்று தயங்காமல் போய் வேலையைக் கற்றுக்கொண்டார்கள். ஒரே நாளில் உச்சிக்குப் போகவில்லை; பத்து, இருபது ஆண்டுகள் படிப்படியாக ஏறினார்கள். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று சும்மாவா சொன்னார்கள்?

ஆகவே பெற்றோர்களே, மூன்றாம் படிவத்தோடு போதும், கைச்செலவுக்காவது சம்பாதிக்கட்டும் என்று பிள்ளையின் படிப்பை நிறுத்திவிடாதீர்கள். மலாய் மொழியையும் ஆங்கிலத்தையும் பிழையின்றி எழுதப் பழக்குங்கள், தமிழையும் விட்டுவிடாதீர்கள். நாளைக்கு அந்தப் பிள்ளைக்குச் சபாவிலோ புத்ராஜெயாவிலோ வேலை கிடைத்தால், தூரம் என்று தடுக்காமல் அனுப்பி வையுங்கள். கதவு திறக்கும் நாளில் தயாராக நிற்பவனே உள்ளே போகிறான். 1959-இல் நடந்தது அதுதான்.

அடுத்த முறை தலைக்கு மேலே விமானம் போகும்போது, அதை ஓட்டுகிறவரோடு, அதற்கு வழி வகுத்துக் கொடுத்தவர்களையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம்.